ரோமில் கிடைத்த காலுறை

எங்கள் தெருமுனைத் தண்ணீர்ப் பானையிலிருந்து தண்ணீர் குடிக்க எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது. ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில் பிறந்து, இருபத்துநான்கு வயது வரை அந்த மாதிரிப் பானைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். சின்னக் கூரை போட்ட ஒரு மர மேடை, அதில் இரண்டு மண்பானை, மூடியின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். போகிறவர் வருகிறவர் யாரும் குடிக்கலாம். பர்மாவில் தெருவுக்குத் தெரு இது உண்டு. பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு மூன்று வார விடுமுறைக்கு வந்திருக்கிற நான், கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பானையைத் தாண்டிப் போகிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. "வயிறு ஒத்துக்காது" என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். அது பாதிப் பொய். மீதி உண்மையைச் சொல்ல ரோம் நகரம் வரை போய்வர வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஜெர்மனிக்கு வந்தார். அண்ணன் ராமு, தாகேதா என்கிற புறநகரிலிருந்து ரங்கூன் நகரத்துக்கு ஓடும் லைன் பஸ்ஸில் டிரைவர். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகப் பதினாலு வயதில் பஸ்ஸில் ஏறி வேலை பார்க்கத் தொடங்கியவர். நான் அழைப்புக் கடிதம் அனுப்பி, அவர் தூதரகத்துக்கு நாலு முறை நடந்து, ஒரு மாத விசா கிடைத்தது. வந்து இறங்கியதும் அவர் கேட்ட ஒரே விஷயம், "ரோமாபுரி இங்கேருந்து கிட்டத்துலயா தம்பி?" என்பதுதான். சின்ன வயதில் பாதிரிமார் பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்த ஊர்ப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கிட்டத்தில் இல்லை. நான் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்பவன். விமானத்துக்கு வழியில்லை. மிக மலிவான பஸ்ஸில் இருபது மணி நேரம் உட்கார்ந்து போனோம். பையில் ரொட்டி, அவித்த முட்டை, அண்ணி ரங்கூனிலிருந்து கொடுத்துவிட்ட பலாச்சாங், அதாவது வறுத்த இறால்பொடி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் எட்டுக் கட்டில், அதில் இரண்டு எங்களுக்கு.

சீப்பாக ஊர் சுற்றுவதில் ஒரு சூட்சுமமும் இல்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கொலோசியத்தைச் சுற்றி வந்தோம், உள்ளே போகவில்லை. இடிந்த கோயில்களை மேட்டில் நின்று கம்பி வேலி வழியாகப் பார்த்தோம். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முகம் சரியில்லை. "ஏன் தம்பி, இம்மாம் பெரிய கோயிலுங்க, ஒரு விளக்குகூட இல்லையே? நம்ம பகான்ல பழைய கோயிலுங்க இடிஞ்சு கெடந்தாலும் யாராச்சும் ஒரு பூ வைப்பாங்க" என்றார். அந்தச் சாமிகளை இப்போது யாரும் கும்பிடுவதில்லை என்றேன். "கும்பிடாத சாமிக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றார். பஸ்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். கண்டக்டர் இல்லாமல் பஸ் ஓடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் ஸ்டாப்பு பேரு யாரு கத்துறது?"

அந்த ஊரில் அவருக்கு ரொம்பப் பிடித்தது தெருக்குழாய். ரோம் முழுக்கத் தெருவோரங்களில் குட்டையான இரும்புக் குழாய்கள் நிற்கின்றன, குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் கொட்டிக்கொண்டே இருக்கிறது, காசு இல்லை. அண்ணன் முதலில் டம்ளரைத் தேடினார். பிறகு தானம் செய்தவர் பெயரைத் தேடினார். எங்கள் ஊரில் தண்ணீர் மேடை வைத்தால் வைத்தவர் பெயர் எழுதியிருக்கும். குழாயின் இரும்பில் நாலு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். "எஸ்.பி.க்யூ.ஆர். யாரோ செட்டியாரு இனிஷியல் மாதிரி இருக்கு. ஊரு பூரா வச்சிருக்காரு பாரு, புண்ணியவான்." அது அந்த நகரத்தின் பழைய முத்திரை என்று நான் திருத்தவில்லை. சிரித்தேன். அவரை நினைத்து நான் சந்தோஷமாகச் சிரித்தது அந்தப் பயணத்தில் அதுதான் கடைசி.

மூன்றாம் நாள் அவர் ஷூ கடித்துக் காலில் கொப்புளம். இருந்த ஒரே காற்சட்டை மழையில் நனைந்துவிட்டது. அதனால் லுங்கி, ரப்பர்ச் செருப்பு, மேலே முழங்கால் வரை தொங்கும் என் பழைய குளிர்க்கோட்டு என்று கிளம்பினார். மார்ச் மாதக் குளிர். நான் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தில் கேமராவுடன் இரண்டடி முன்னால் நடந்தேன். வேண்டுமென்றுதான் முன்னால் நடந்தேன். மத்தியானம் ஒரு மாதா கோயிலின் பின்பக்கச் சந்தில் திரும்பியதும் சாப்பாட்டு வாசனை. நீள மேஜை, பெரிய அண்டா, ஏப்ரன் கட்டிய நாலைந்து பெண்கள், முன்னால் ஒரு வரிசை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார், "தம்பி, சதுதித்தா!"

நாலு திசையிலிருந்தும் யார் வந்தாலும் சோறு போடுவதற்கு பர்மாவில் சதுதித்தா என்று பெயர். பௌர்ணமி, கல்யாணம், கருமாதி எதற்கும் தெருவில் பந்தல் போட்டுப் போடுவார்கள். முதலாளியும் சாப்பிடுவான், பிச்சைக்காரனும் சாப்பிடுவான். வந்து சாப்பிட்டதற்குப் போடுகிறவர்தான் நன்றி சொல்வார். கூப்பிட்டும் சாப்பிடாமல் போனால் அவர் மனசு நோகும். இது பர்மாக்காரனுக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த வரிசை வேறு விதமாகத் தெரியும். ஜெர்மனிக்குப் போன முதல் பதினோரு மாதம் அகதி விடுதியில் கையில் அட்டையுடன் அப்படி ஒரு வரிசையில் நின்றவன் நான். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். தட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில், தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறேன் என்று எழுதினேன். இனி செத்தாலும் அப்படி ஒரு வரிசையில் நிற்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன்.

"வேணாம்ண்ணே. அது இல்லாதவங்களுக்குப் போடுறது" என்றேன்.

"சோறு போடுற எடத்துல உள்ளவன் இல்லாதவன்னு பாப்பாங்களா? வா, நின்னு பாத்துட்டுப் போனா அந்தம்மாங்க என்னா நெனைப்பாங்க?"

"நான் வரலை."

"சரி, நீ போட்டோ புடி. நான் நம்ம வீட்டுக்கும் சேத்துச் சாப்புட்டு வரேன்."

போய் நின்றார். முன்னால் இருந்த தாடிக்காரரிடம் பர்மியில் ஏதோ சொல்லிச் சிரித்தார், அந்த ஆளும் சிரித்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கி நெற்றிக்குத் தூக்கினார். பெஞ்சில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதோடு வந்திருந்தால் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் சதுதித்தாவில் சாப்பிட்டவன் சும்மா எழுந்து போக மாட்டான், கூட நின்று ரெண்டு தட்டாவது கழுவிக் கொடுப்பான். அண்ணன் கோட்டுக் கையை மடித்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய், எச்சில் தட்டுகளை அடுக்கித் தூக்கினார். பெண்கள் பதறிவிட்டார்கள். ஒருத்தி தட்டைப் பிடிக்க, அவர் விடாமல் சிரிக்க, இன்னொரு வயதான பெண்மணி சுற்றும்முற்றும் பார்த்தாள். சந்தில் எங்கள் நிறத்தில் நின்றது நான் ஒருத்தன்தான். பக்கத்தில் வந்து இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டாள், இவர் உங்களோடு வந்தவரா என்று.

"நோ" என்றேன். அது போதாதென்று இல்லை என்று தலையையும் ஆட்டினேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது மொழி தெரிந்த ஒரு ஆள், அவ்வளவுதான். இவர் என் அண்ணன், எங்கள் ஊர் வழக்கம் இது என்று இரண்டு வாக்கியம் எனக்கு வரும். சொல்லவில்லை. அவள் திரும்பிப் போய், அண்ணனை முழங்கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவருடைய வெறும் காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு ரொட்டிப் பொட்டலமும் சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடியும் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். நான் அதற்குள் சந்தின் திருப்பத்துக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தார். "போறப்ப கையில வேற குடுத்து விட்டாங்க தம்பி" என்றார். ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். எனக்குப் பசி. வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர் கவனிக்கவில்லை என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி நின்றார், இங்கிலீஷ் தெரியாது, சந்தில் சத்தம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி வைத்திருந்தேன்.

போன வாரம் பௌர்ணமி. எங்கள் தெருவில் சதுதித்தா. மோகிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை. காலை ஆறு மணிக்கே பந்தலில் கூட்டம். அண்ணன் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார், காலில் அந்தச் சாம்பல் காலுறை, அதற்கு மேல் செருப்பு. குளிர்கால விடியலில் பஸ் எடுக்கப் போகும்போதும் அதைத்தான் போடுவாராம். அண்ணி மா கின் பர்மாக்காரர், வீட்டுக்குள் தமிழ் கலந்து பேசுவார். "ரோமு சாக்ஸ், நான் தொவைக்கக் கூடாது. அவரே தொவைப்பாரு" என்று என்னிடம் முறையிட்டார். முன் பெஞ்சில் காதர் பாய். சந்தையில் கைலிக் கடை வைத்திருக்கிறவர், அண்ணனை வம்புக்கு இழுக்காமல் ஒரு நாள் போகாது.

"என்னா ராமு, ரோமாபுரி வரைக்கும் போயி ஒரு சோடி சாக்ஸ்தானா கொண்டாந்தே? போப்பு மோதிரம் ஒண்ணும் கழட்டிக் குடுக்கலையா?"

"மோதிரத்த வச்சு கியர் போட முடியுமா பாய்? சாக்ஸு போட்டா கால் சூடா இருக்கு. அந்த ஊரு சதுதித்தாவுல சாப்பாடும் போட்டு, காலப் பாத்துட்டு சாக்ஸும் குடுத்தாங்க. நம்ம ஊர்ல எவனாச்சும் சாப்புட வந்தவன் காலப் பாத்திருக்கமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் கதையை அவர்கள் பல முறை கேட்டிருப்பது தெரிந்தது. காதர் பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சாப்புட்டீங்களா தம்பி? அங்க என்னா போட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "அவன் எங்க பாய் இருந்தான்? பஸ்ஸு டிக்கெட்டு வாங்கப் போயிருந்தான்ல. இருந்திருந்தா அந்தம்மாகிட்ட நம்ம ஊரப் பத்தி நல்லா எடுத்துச் சொல்லியிருப்பான்."

திரும்பி வரும் டிக்கெட்டை ஜெர்மனியிலேயே வாங்கிவிட்டோம். அது அண்ணன் பையில்தான் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பொய்யை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இல்லண்ணே, நான் அங்கேதான் நின்றேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பாய் இருந்தார், அண்ணி இருந்தார், தெரு முழுக்க இருந்தது. சொல்லவில்லை. "தம்பி, அந்தக் கிண்ணத்த எடு" என்றார் அண்ணன். எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பல பேர் என் மாதிரியே ஊருக்குக் கடிதம் எழுதியிருப்பீர்கள், ஹோட்டல் சாப்பாடு, நல்ல வேலை என்று. உங்களுக்குப் புரியும். ஆனால் இதை எழுதுவதில் வீரம் ஒன்றும் இல்லை. அண்ணனுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். கோயில் பள்ளியில் நான் தமிழ் எழுத்துப் படித்த சாயங்காலங்களில் அவர் பஸ்ஸில் இருந்தார். தமிழில் எழுதினால் அவர் படிக்க மாட்டார் என்று தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பானைக்கு வருகிறேன். ரோமிலிருந்து திரும்பியதும் அண்ணன் வைத்த மேடை அது. செட்டியார் ஊர் முழுக்க வைத்திருக்கிறார், நாம் ஒன்றாவது வைக்க வேண்டாமா என்று சொன்னாராம். கூரைக்குக் கீழே பலகையில் வெள்ளைப் பெயின்டில் பர்மி எழுத்தில் தானம் செய்தவர்கள் பெயர் இருக்கிறது. ராமு, மா கின். அதற்குக் கீழே, அவர்கள் எழுத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, தம்பி சேகர், ஜெர்மனி. நான் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை.

நேற்று மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். டம்ளரைக் கையில் எடுத்தேன். டம்ளரைக் கையில் எடுத்தேன். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை ஊற்றி அந்த டம்ளரை முதலில் கழுவினேன். பிறகுதான் மொண்டு குடித்தேன்.