பெர்லோடு போன இரண்டு கிலோ

கணினி பார்க்கிற வேலையில் இருட்டிய பிறகு கேட்கிற எந்தச் சத்தமும் நல்ல சேதி கொண்டுவருவதில்லை. என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பூட்டிய ஆபீஸ்

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முதல் வேலை. என் வீட்டுக்காரர் கொழும்பில், நான் கைக்குழந்தையோடு ஆபீசை ஒட்டிய குவார்ட்டர்ஸில். ஒரு ராத்திரி, பூட்டிய ஆபீசுக்குள் கர்ர், கர்ர் என்று சத்தம். குழந்தையை இடுக்கிக்கொண்டு, கான்வென்டில் படித்த ஜெபங்களையெல்லாம் முணுமுணுத்தபடி, காவல்காரர் முனியாண்டி அண்ணனோடு உள்ளே போனேன். பிரிண்டர் தானாக அடித்துக்கொண்டிருந்தது. தாள் முழுக்க ஒரே வரி: பெர்ல் இல்லை, பெர்ல் இல்லை.

பழைய டிஸ்க் செத்துப்போய், அன்று பகல்தான் சின்னதாக ஒரு லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தார்கள். ராத்திரியில் தானாக ஓடிக் கொழுந்து நிறையைக் கூட்டுகிற ஸ்கிரிப்டுக்குப் பெர்ல் என்ற கணினி மொழி வேண்டும். அதற்கு அந்த டிஸ்கில் இடமில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தார்: "பேயின்னா வேப்பிலை அடிச்சிருப்பேன் மிஸ். இது உங்க சாமான், நீங்களே பாருங்க."

துரை தந்த தவணை

"பெர்லே வேண்டாம் சேர், லினக்ஸோடு வருகிற ஷெல் மொழியிலேயே எழுதிவிடுகிறேன்" என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் வாயை விட்டேன். பிறகுதான் உறைத்தது. வேலை நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ் நிலைக்கும்; இல்லாவிட்டால் குழந்தையோடு எங்கே போவேன்? அறுபது வரிப் பெர்லைப் பிடுங்கி, இருபது வரியில் முடித்தேன். நானே போட்ட மாதிரி நிறைகளை வைத்து ஓட்டினேன். ஓடியது! குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன்.

துரை சிரிக்கவில்லை: "சனிக்கிழமை வரைக்கும் டைம். அன்னைக்கு லிஸ்ட் சரியா இருந்தா நீங்க பேமனன்ட், பிழை வந்தா கொழும்புலருந்து வேற ஆள்தான்."

பதினேழு எப்படிப் பதினைந்தாகும்?

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டிலேயே கொழுந்து பறிக்கிற காமாட்சி அக்கா பிடித்துக்கொண்டாள். "பதினேழு கிலோ போட்டேன், பதினஞ்சுன்னு ஒட்டியிருக்கீங்க. ரெண்டு கிலோவ அந்தப் பொட்டி தின்னுருச்சா?" அவளுக்கு அடுத்து, பதினெட்டுக் கிலோ போட்டவளோடு பட்டியலே நின்றுபோயிருந்தது.

கொழுந்தை நிறுத்து எழுதுகிற கணக்கப்பிள்ளையின் துண்டுகளை வாங்கிப் பார்த்தேன். 017, 018. ஒவ்வொரு நிறைக்கும் முன்னால் ஒரு சைபர்! கேட்டதற்கு, "இடம் விட்டா எவனாச்சும் ஒன்னப் போட்டு நூத்திப் பதினேழாக்கிருவான்" என்றார். பெர்ல் அந்த சைபரைக் கண்டுகொள்ளாது. ஷெல்லோ முன்னால் சைபரைக் கண்டால் எட்டெட்டாக எண்ணும். அதற்கு 017 என்றால் ஓரெட்டும் ஏழும் சேர்ந்த பதினைந்து; எட்டு என்கிற இலக்கமே கிடையாது. ஐயோ, இதுதானா! ஆபீஸ் அதிரக் கத்திவிட்டேன். சைபரை உரித்தெறிய ஒரே ஒரு வரி சேர்த்தேன். புதுப் பட்டியலைக் கொழுந்து மலைக்கு ஓடிப்போய் வாசித்தேன். காமாட்சி அக்கா கூடையை இறக்கவேயில்லை: "பொட்டிக்கு எண்ணப் பழக்கிட்டீங்க மிஸ். அப்படியே தராசு பிடிக்கிற கணக்கப்பிள்ளைக்கும் பழக்கி விடுங்க."

சனிக்கிழமை பட்டியல் பிசகவில்லை; நான் பேமனன்ட். அறுபது வரிப் பெர்லைப் பிடுங்கியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, நிரந்தர ஆட்களின் வீட்டுக்கு மட்டும் தோட்டத்துத் தச்சர் அடித்துக் கொடுக்கிற ஒரு தாழ்ப்பாள், அதை இதோ இப்போதுதான் உள்ளிருந்து போட்டுவிட்டு வந்து எழுதி முடிக்கிறேன்.