மதிலுக்கு வெளியே

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், திருகோணமலையில் நடந்தது இது. எழுத உட்காரும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாங்கள் கத்தோலிக்கர். முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் என் கணவர். அவருக்குக் கத்தாரில் வேலை. "அத்தான் சித்திரையில லீவில வாறார். அதுக்குள்ள என்ன அவசரம்? ஆக்களைக் கூப்பிட்டு வடிவாச் செய்வம்" என்றேன். வெள்ளைச் சட்டை, கேக், படம் எடுப்பவர் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அவளும் சரி என்றாள்.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஃபாதருக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தேன். அவர் ஈச்சிலம்பற்றுப் பக்கம் பூசைக்குப் போயிருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தவள் நான். கைப்பையில் தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. அந்த நேரம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பதினொரு மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

பின்னேரம் எங்கள் கோயில் மூப்பர் வீட்டுக்கு வந்தார். எங்கள் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் யாரை எங்கே அடக்கம் செய்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதன் கேற்றுப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான். கதிரையில் இருந்து, கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளையை உள்ளுக்கு வைக்க ஏலாது. மதிலுக்கு வெளியில, கடல் பக்கமா வைப்பம். மணியும் அடிக்கிறேல்ல. அதுதான் எங்கட வழமை."

தங்கை அறைக்குள் இருந்து கேட்டாள்: "அப்ப பிள்ளை மோட்சத்துக்குப் போகாதோ?"

"அதுகளுக்கு வேற இடம், மகள். அங்க நோவு ஒண்டும் இல்லை. ஆனா கடவுளைப் பார்க்காதுகள்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அதை மாற்றவும் விடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாற்பத்தைந்து நாள் பிள்ளை என்ன செய்தது? பால் குடித்தது, அழுதது, தூங்கியது. அதற்கா கடவுள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்?

"மூப்பர், உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ? எழும்பி வெளியில போங்கோ!" என்று கத்தினேன். அயலெல்லாம் கேட்டிருக்கும். அவர் எழும்பிப் போனார். திருப்பி ஏசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை ஃபாதர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேரே எங்களோடு சேமக்காலைக்கு வந்தார். வாசலில், எல்லோருக்கும் முன்பாக, மூப்பரிடம் சொன்னார்: "அது பழைய ஆக்களின்ர கதை. அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு கட்டாயம் நம்ப வேணும் எண்டு திருச்சபை சொல்லேல்ல. இந்தப் பிள்ளையளைக் கடவுளின்ர இரக்கத்தில ஒப்படைக்கத்தான் சொல்லுது. தாய் தகப்பன் ஞானஸ்நானம் குடுக்க நினைச்சிருந்தவை. உள்ளுக்குத்தான் அடக்கம். கேற்றைத் திறவுங்கோ."

மூப்பர் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். திறக்கவில்லை. இன்றைக்கு இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று நான் முன்னே போனேன். அதற்குள் அவருடைய மனைவி எங்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஃபாதரிடம் வந்தார்.

"அப்ப ஃபாதர், என்ர பிள்ளையை ஏன் வெளியில வைச்சனாங்கள்?"

முப்பத்தாறு வருடங்களுக்கு முன்பு அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, அன்றைக்கே இறந்திருக்கிறது. அப்போதிருந்த பெரியவர்கள் சொன்னதை நம்பி, மூப்பரே தன் கையால் மதிலுக்கு வெளியே புதைத்திருக்கிறார். சிலுவை நடவில்லை, மணி அடிக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. கேற்றைத் திறந்தால், தன் பிள்ளையை வீணாகத்தான் வெளியே விட்டேன் என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஃபாதர் "அம்மா..." என்று தொடங்கினார். அவர் முடிக்கும்வரை நிற்காமல், அந்த அம்மா கணவரின் கையிலிருந்து திறப்பை வாங்கித் தானே கேற்றைத் திறந்துவிட்டார்.

பிள்ளையை உள்ளே அடக்கம் செய்தோம். மணியும் அடித்தார்கள். திரும்பி வரும்போது பார்த்தேன், மூப்பர் மதிலுக்கு வெளியே பற்றைகளுக்கு நடுவில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். இடம் பிடிபடவில்லை.

"அதில இல்லை, இஞ்சால வாங்கோ" என்று மனைவி கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு அடி பிசகாமல் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு மூப்பரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. ஃபாதருக்குத் தெரிந்த இந்த விஷயத்தை இத்தனை வருடமாக ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை? திருவிழாப் பந்தலுக்கு ஆறு கூட்டம் வைக்கிறவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்காக ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு வசனம் சொல்லியிருக்கக் கூடாதா? மதிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி வெளியே கிடக்கிற பிள்ளைகளையும் உள்ளே சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். "பார்ப்பம்" என்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை.

தங்கை இதுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் இறந்தோர் நினைவு நாளில் என் கையில் இரண்டு மெழுகுதிரி தருவாள், ஒன்று உள்ளே கொளுத்த, ஒன்று வெளியே கொளுத்த. ஃபாதர் சொன்னதை அவள் நம்பிவிட்டாளா, இல்லை மூப்பர் சொன்னதுதான் இன்னும் அவளுக்குள் கிடக்கிறதா என்று நான் கேட்டதில்லை. "என்ன அவசரம்" என்று அன்றைக்குக் கேட்ட அதே வாயால் இதை எப்படிக் கேட்பது?