பின்வரிசையில் இருந்து எண்ணியவை

போர்க்காலத்தில் ஒரு தவணை, பல்கலைக்கழக வகுப்பொன்றின் பின்வரிசையில் உட்கார்ந்து யார் பேசுகிறார்கள் என்று குறிப்பதுதான் என் வேலை. அதற்குமுன் தமிழ் நாளிதழ் ஒன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் ஆட்களைக் குறைத்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த விரிவுரையாளர் இந்த வேலையைத் தந்தார்.

அவர் பொருளியல் படிப்பித்தார். குறிப்பு வாசித்து எழுதவைப்பதுதான் அங்கே வழக்கம். அதை விட்டுவிட்டு, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து படிப்பித்துப் பார்க்க விரும்பினார். துறைத்தலைவர் ஒரு தவணை அனுமதித்திருந்தார். மாணவர்கள் பேசத் தொடங்கினார்கள் என்பதற்குத் தாளில் ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் பழையபடி குறிப்புத்தான்.

தாளில் மூன்று நிரல்கள்: கேள்வி, அவர் காத்திருந்த விநாடிகள், பதில் எந்த வரிசையிலிருந்து வந்தது. மூன்றாவது நிரல் வாரக்கணக்கில் வெறுமையாகவே இருந்தது. "மரக்கறி லொறி பிந்தினா விலைக்கு என்ன நடக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த விடயம். பன்னிரண்டு விநாடிகள் காத்திருந்துவிட்டு, பதிலைத் தானே சொன்னார்.

ஐந்தாம் வாரம், ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. நீங்க பொலிஸா?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க?"

"யாரு பேசுறா, எங்க உக்காந்திருக்கான்னு எழுதுறீங்க. வாட்ச் வேற பாக்குறீங்க. செக்பொயின்ட்ல லொறி ஏன் லேட்டாகுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்க முன்னாடி யாரு வாயத் தொறப்பா?"

தாளை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று சிரித்தாள்.

அடுத்த வகுப்பில், கேள்வி முடியுமுன்பே கைகள் உயர்ந்தன. ஒருவன் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டான். மூன்றாவது நிரல் நிறைந்தது.

திரும்பும் பஸ்ஸில், மாணவி சொன்னதை விரிவுரையாளரிடம் சொன்னேன். சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னார்:

"அப்ப முந்தின தாளுகளும் பொய், இண்டைக்கு எழுதினதும் பொய்."

"இண்டையான் தாளைக் காட்டினா உங்களுக்கு வாய்ப்புத்தானே?"

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு."

வெள்ளவத்தையில் இறங்கி நடக்கும்போது சொன்னார்: "தாளைப் பிள்ளையளிட்டயே குடுப்பம். முறை வைச்சு அவையளே குறிக்கட்டும். ஆனா நீங்கள்..."

"நான் அங்க இருக்கக்கூடாது."

"ஓம்," என்றார், என்னைப் பார்க்காமல்.

துறைத்தலைவருக்குப் போன அறிக்கையில் ஒரு பக்கம் நான் எழுதியது. அந்தத் தவணையில் குறித்த எதையும் நம்ப முடியாது; முதலில் வந்த மௌனத்துக்கும் பிறகு வந்த பேச்சுக்கும் பின்வரிசையில் இருந்தவரே காரணம் என்று எழுதினேன். செய்தி எழுதுவதுபோல, என்னைப் படர்க்கையில் வைத்து.

துறைத்தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தாராம். இன்னொரு தவணை கொடுத்தார். எனக்கு அந்தத் தவணையில் வேலை இருக்கவில்லை.