ஓடாத முயல்கள்

சந்தையில் எல்லோருக்கும் அவள் முயலக்கா. கறிக்கடையின் பின்புறம் தகரக்கூரை போட்ட ஓர் அறை, நடுவில் தகடு அடித்த மேசை, ஒரு குழாய், இரண்டு வாளி. குளிர்காலம் வந்து வேட்டைக்கு அனுமதி கொடுத்துவிட்டால் நாலு மாதம் அவளுக்கு அதுதான் வீடு. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் காட்டு முயல்களைத் தோலுரித்து, குடலெடுத்து, கழுவிக் கடைக்காரரிடம் கொடுப்பாள். கணவர் இறந்த வருடம் வேறு வழி தெரியாமல் பிடித்த கத்தி. பத்தொன்பது வருடத்தில் அது கைவந்த கலையாகிவிட்டது.

முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கிக் குறுக்கே ஒரு கீறல் போடுவாள். கீறலுக்குள் இரண்டு கை விரல்களையும் நுழைத்து, ஒரு கை தலைப்பக்கமும் மறு கை வால்பக்கமுமாக இழுப்பாள். குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல் தோல் வந்துவிடும். பிறகு வயிறு. அங்கேதான் நிதானம் வேண்டும். கத்தியின் வாய் மேலே பார்க்க, ஆள்காட்டி விரல் அலகை ஒட்டி உள்ளே போக, குடலையும் மூத்திரப்பையையும் தொடாமல் மெல்லிய சவ்வை மட்டும் திறப்பாள். குடல் கிழிந்தால் கறி முழுக்க நாறும். அவள் கையில் கிழிந்ததை யாரும் பார்த்ததில்லை.

கத்தி விஷயத்தில் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அலகு விரல் நீளத்துக்கு மேல் போகக்கூடாது, வளையக்கூடாது, நுனி ஊசி மாதிரி இருக்கக்கூடாது, பிடி சொரசொரப்பாக இருக்க வேண்டும். கொழுப்பும் ரத்தமும் பட்டால் வழவழப்பான பிடி கையைக் கைவிட்டுவிடும் என்பாள். ஐந்து முயலுக்கு ஒருமுறை கல்லில் தீட்டிக்கொள்வாள். யாராவது பெரிய கத்தியைக் காட்டினால், "நான் என்ன, எருமையா அறுக்கப்போறேன்?" என்று கேட்பாள்.

அதனால்தான் அண்ணன் அந்தக் கத்தியை வாங்கி வந்தபோது அவளுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. முழ நீளத்தில் பாதி, கூர்மையான நுனி, பளபளவென்று தேய்த்த எலும்புப் பிடி. அண்ணன் வேட்டைக்காரர். அவளுக்கு ஒரே உடன்பிறப்பு. அவள் தனியாளானபோது இந்த வேலையைப் பேசி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாங்கி வந்த கத்தியை வேண்டாமென்று முகத்திலடித்தாற்போல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அலமாரியில் வைத்தாள். அவர் வரும்போதெல்லாம், "நான் குடுத்த கத்தி எங்க?" என்று கேட்பார்.

சீசன் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம் தோளில் கோணிப்பையோடு வந்தார். மேசையில் கொட்டினார். ஒன்பது முயல். வழக்கமாக மூன்று, போனால் நாலு.

"என்னண்ணே, காட்டையே காலி பண்ணிட்டியா?"

"இன்னும் கிடக்குது. நாளைக்கும் போகணும்."

அவள் முதல் முயலைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள்.

"குண்டு பட்ட இடமே காணோமே?"

"சுட்டிருந்தாத்தானே இருக்கும்." அவர் சிரித்தார். "ஒண்ணுகூட ஓடல. கிட்டப் போறேன், அப்படியே உக்காந்து என்னையே பாக்குது. காதப் பிடிச்சுத் தூக்கி, கழுத்தத் திருகிப் பைல போட்டேன். தோட்டா மிச்சம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூறடி தள்ளிச் சருகு நொறுங்கினாலே பறந்துவிடுகிற பிராணி. அது உட்கார்ந்து பார்த்தது என்றால் என்ன அர்த்தம்? ஆனால் அண்ணன் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் அலமாரியிலேயே இருந்தது. அவர் மனசு நோகக்கூடாதே என்று அந்தப் புதுக் கத்தியை எடுத்தாள்.

முதல் முயலின் தோல் உரிந்தது. வயிற்றில் கத்தியை விட்டபோது எலும்புப் பிடி வழுக்கியது. நுனி சவ்வைத் தாண்டி மறுபக்கம் வந்து இடது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. சின்ன வெட்டுதான், எறும்பு கடித்த மாதிரி. அவள் பார்த்தது அதை அல்ல. நல்ல முயலின் ஈரல் கருஞ்சிவப்பாக மழமழவென்று இருக்கும். இது வீங்கியிருந்தது. மேலெல்லாம் பொடி உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தன் பழைய கத்தியை எடுத்து அடுத்ததைத் திறந்தாள். அதிலும் அப்படியே.

வெகு வருடங்களுக்கு முன் ஒரு கால்நடை மருத்துவர் அந்த அறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்படிப் புள்ளி கண்டால் தொடாதீர்கள், கை கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் முயல் உரித்தேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இத்தனை காலத்தில் அவள் ஒரு புள்ளிகூடக் கண்டதில்லை.

கத்தியை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் சோப்பு கரையக் கரையத் தேய்த்தாள்.

"அண்ணே, இது நோவு முயல். தொடாத."

"ஏதாச்சும் புழுவா இருக்கும். வேக வச்சாச் செத்துடும்."

"வேக வச்சுத் திங்கிறவனுக்கு அது சரி. உரிக்கிறவ நானு. தோள்ல தூக்கிட்டு வந்தவன் நீ."

அவர் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார். "கடைக்காரன் காதுல போட்டுடாத. அதிகாரிங்க வந்து காட்டையே பூட்டிடுவாங்க. சீசனே அம்போன்னு போயிடும். நான் கொண்டுபோய்ப் புதைச்சிடறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

திறந்த இரண்டையும் சேர்த்து ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் பாதி நம்பினாள். மீதியை யோசிக்க விரும்பவில்லை. கடைக்காரர் எட்டிப்பார்த்து, "என்னக்கா, அண்ணன் சரக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போறாரு?" என்று கேட்டதற்கு, "கெட்டுப்போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னாள். மேசையை மூன்று முறை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள்.

மூன்றாம் நாள் காலையில் எழ முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கட்டைவிரல் வெட்டு ஆறாமல் குழிந்து, நடுவில் கறுத்திருந்தது. அக்குளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"நான் காட்டு முயல் உரிக்கிறவ" என்று அவள் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை நின்றது. விரலைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். உடனே படுக்கை போடச் சொன்னார்.

"நேரத்துல வந்தீங்க. முயல் காய்ச்சல்னு நினைக்கிறேன். வேற யாராவது அந்த முயலைத் தொட்டாங்களா?"

சொன்னால் அண்ணன் கையிலிருந்து துப்பாக்கி போய்விடும். அந்த வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவர்தான் புதைத்துவிட்டாரே.

"இல்ல டாக்டர். நான் மட்டுந்தான்."

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் அண்ணி கட்டிலருகே வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"உங்கண்ணன் மேல் மாடில கிடக்குறாரு. முந்தாநாள் சேத்தோம். மூச்சு விட முடியல. மழைல நனைஞ்சேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டாரு. என்ன மருந்து குடுத்தும் கேக்கல."

"புதைச்சாரா அண்ணி?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க புதைச்சாரு? கொல்லைக் கொட்டகைல கதவச் சாத்திக்கிட்டு ஒன்பதையும் தானே அறுத்துச் சுத்தம் பண்ணி, கூலிக்காரங்க சாப்பிடற ஓட்டலுக்குப் போட்டுட்டாரு. யார்ட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

முயலக்கா சலைன் பாட்டில் தொங்கிய கம்பியை உருட்டிக்கொண்டே லிஃப்டுக்கு நடந்தாள். நர்ஸ் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. மேல் வார்டில் ஓர் இளம் டாக்டர் அண்ணனின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு ஒன்பது நோவு முயலை அறுத்திருக்காரு டாக்டர். எனக்கு வந்த அதே காய்ச்சல்."

அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "அவளுக்குக் காய்ச்சல்ல புத்தி பேதலிச்சிடுச்சு. நான் முயலையே தொடல."

அவள் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து நீட்டினாள். "இது இவரு கொண்டுவந்த முயல்ல பட்டது."

"வெளிய கூட்டிட்டுப் போங்க இவள" என்றார் அண்ணன். அதற்குள் இருமல் வந்து வார்த்தையை விழுங்கிவிட்டது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"ஆமா டாக்டர். ஒன்பது."

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். மூன்று நாள் இழுபறி. நாலாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பக்க நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. ஓட்டலில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமாகவில்லை. கறியைக் கழுவிய ஆள் ஒருவன் மட்டும் பத்து நாள் படுத்து எழுந்தான்.

அதிகாரிகள் வந்தார்கள். காடு அந்த சீசனுக்கு மூடப்பட்டது. அண்ணனின் உரிமம் ரத்தானது. மற்ற வேட்டைக்காரர்கள் முயலக்காவைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள். அண்ணன் மரக்கிடங்கில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். "கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டா" என்று அங்கே சொல்லிக்கொண்டிருப்பதாக அவள் காதுக்கு வந்தது. அவள் மறுக்கப் போகவில்லை.

அடுத்த குளிர்காலம் கடைக்காரர் அவளைத் திரும்பக் கூப்பிட்டார். தடித்த ரப்பர் கையுறை வாங்கி வைத்திருந்தார். போனாள். முதல் வாரமே ஒரு பிற்பகல் வாசலில் நிழல் தட்டியது. அண்ணன். ஒரு வருடத்துக்கப்புறம் இப்போதுதான்.

"டாக்டரம்மா உங்கண்ணிகிட்ட ஏதோ சொன்னாங்களாம்" என்றார். நின்று மூச்சு வாங்கினார். "வேற யாராச்சும் தொட்டாங்களான்னு முதல் நாளே உன்னக் கேட்டாங்களாம். நீ இல்லன்னியாம்."

"ஆமாண்ணே."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நுரையீரல் தப்பிச்சிருக்குமாம்."

"தெரியும். என்கிட்டயும் சொன்னாங்க."

"எனக்காகவா சொல்லாம விட்ட?"

"உனக்காகத்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பி நடந்தார். இரண்டு எட்டு வைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மார்பு விசிலடித்தது. அவள் கையுறையோடு அப்படியே நின்று, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.