நாற்பத்தைந்து கிராம் அம்பு

கடையில் வாங்கியபோது அந்த அம்பின் எடை இருபத்தைந்து கிராம். மேற்கொண்டு இருபது கிராம் ஏற்றியவன் நான். அது ஒரு மனிதனின் முழங்காலுக்குக் கீழே போய் நின்றது. இந்த விஷயம் ஐந்து மாதம் வரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும். காயம் பட்டவனுக்குத் தெரியாது. இப்போது காவல் நிலையத்துக்கும் வனத்துறைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு முந்தையதைத்தான் எழுத வேண்டும்.

நான் பொறியியல் படித்தவன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வல்லம் வடகால் கிராமத்தை ஒட்டி வீடு. வீட்டின் பின்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் ஒன்றரை ஏக்கர் நிலம். அதைச் சுற்றி, தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கி இன்னும் எதுவும் கட்டாத மனைகள். அவற்றில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதற்குள் காட்டுப்பன்றிகள் குடியிருக்கின்றன. அவர் போட்ட வேர்க்கடலையை, அவர் பேச்சில் மல்லாட்டையை, ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் உழுது தின்றுவிட்டன. பட்டாசு வெடித்தார், வரப்பைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டினார். பன்றிகள் இரண்டு நாள் ஒதுங்கி, மூன்றாம் நாள் வந்தன.

என் மகன் கல்லூரியில் படித்தபோது போட்டிக்காக வாங்கிய வில் ஒன்று பரணில் கிடந்தது. இரு முனையிலும் கப்பி வைத்த வில். ஓய்வு பெற்ற பிறகு கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அதை இறக்கி, கொல்லையில் சாக்கு மூட்டையைக் குறிவைத்து எய்துகொண்டிருந்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, சாக்குப்பை உன் மல்லாட்டயத் துன்னுச்சா? என்துதான் போச்சு. வந்து அந்தப் பன்னியப் போடு."

காட்டுப்பன்றியைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் போனேன்.

முதல் அம்பு பன்றியின் தோளில் நான்கு விரல் ஆழம் இறங்கி நின்றது. அம்போடு பன்றி ஓடிவிட்டது. வயதான ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் தோல் தடித்துப் பலகைபோல் இருக்கும். அதன்மேல் சேறு காய்ந்திருக்கும். மறுநாள் கருவேலத்துக்குள் நான் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் சிரித்தார்.

"எஞ்சினியரு வுட்ட அம்ப எஞ்சினியரே தேடினுகீறாரு. அதுக்கு முதுகு சொறிஞ்சி வுட்ட மாரி இருந்துருக்கும்ணே. நாளிக்கி வந்து இன்னும் கொஞ்சம் கீழே சொறின்னு கேக்கும் பாரு."

ஐந்து நாள் கழித்து அது வாய்க்கால் ஓரம் கிடந்தது. உயிர் இருந்தது. தோளில் புழு வைத்திருந்தது. அதன் கண்ணைப் பார்த்த பிறகு வில்லைத் தூக்கிப் பரணில் போட்டிருக்க வேண்டும். நான் வேறு விதமாக யோசித்தேன். ஆழமாக இறங்காததால்தான் இந்தச் சித்திரவதை, ஒரே எய்தலில் உயிர் போனால் அதுதான் இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதி, அவருடைய சிரிப்பு.

கொட்டகையில் சின்ன லேத் ஒன்று வைத்திருந்தேன். பித்தளையைக் கடைந்து அம்புத் தண்டின் முன்பக்கத்துக்குள் செருகினேன். மெல்லிய மூன்றலகு முனையைக் கழற்றிவிட்டு, எஃகில் தடித்த இரண்டலகு முனை செய்தேன். எடை கூடினால் அம்பின் வேகம் குறையும், ஆனால் எதிர்ப்படுவது அதை எளிதில் நிறுத்த முடியாது. காலி சைக்கிளை ஒரு கையால் நிறுத்திவிடலாம், நெல் மூட்டை ஏற்றிய சைக்கிளை நிறுத்த முடியாது. நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு அம்பையும் எடை போட்டு, நோட்டில் குறித்தேன். கன்வேயர் ரப்பரை இரண்டு அடுக்காக வைத்து, பின்னால் நனைத்த செய்தித்தாள் கட்டுகளை அடுக்கிச் சோதித்தேன். முப்பது கிராம் அம்பு தாளில் நின்றது. முப்பத்தெட்டு கிராம் கடைசிக் கட்டு வரை போனது. நாற்பத்தைந்து கிராம் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது. அன்று மதியம் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

துளைபோடும் எந்திரத்தில் வேலைக்கு நிற்கும் புதியவனுக்கு நாங்கள் முதல் நாள் சொல்வது, பாகத்துக்கு அடியில் மரக்கட்டை வை என்பதுதான். துளையூசி மறுபுறம் வெளியே வந்தால் எங்கே போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். முப்பது வருடம் அதைச் சொன்னவன், சுவரில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தும் அதை நினைக்கவில்லை.

நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மனைக்குப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். வலைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. கம்பெனி பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்குகிறவர்கள் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வாடகை அறைகளுக்குப் போவார்கள். எனக்கு ஷிப்ட் நேரங்கள் மனப்பாடம். ஐந்தரைக்கு விடும் ஷிப்ட் ஆறு மணிக்குள் நடந்து முடிந்துவிடும். அதன்பின் பத்து மணி வரை அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது. ஆறேகாலிலிருந்து இருட்டும் வரை எய்யலாம் என்று முடிவு செய்தேன்.

மோட்டார் ரூம் மாடியில் உட்காரச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். மேலிருந்து எய்தால் அம்பு மண்ணில் போய் நிற்கும். எனக்கு முழங்கால் வலி, ஏணி ஏறச் சோம்பல். கீழேயே சுவரோரம் உட்கார்ந்தேன்.

ஆறரை தாண்டி வேறொரு பன்றி வந்தது. பதினைந்து மீட்டர். வெளிச்சம் இருந்தது. எய்தேன். அது உறுமிக்கொண்டு நேரே வலையைக் கிழித்துப் பாய்ந்தது. அந்தக் கணமே வலைக்கு அப்பால் ஓர் ஆள் அலறினான்.

அன்று அவன் கம்பெனியில் ஒரு மணி நேரம் ஓ.டி., கூடுதல் வேலை. நாலு மணிக்கு மேல்தான் அறிவித்திருக்கிறார்கள். எத்தனையோ தடவை அப்படி நாலு மணிக்கு மேல் லைனில் போய் நின்று, இன்றைக்கு ஓ.டி. என்று நானே சொல்லியிருக்கிறேன். யாரும் முன்கூட்டி அறிவதில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

குப்புறக் கிடந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி. மூன்றாவது தெருவில் தங்கியிருந்தவன், முகம் தெரியும். அம்பு பன்றியைத் துளைத்து, வலையைத் துளைத்து, அவன் காலில் பாதி இறங்கியிருந்தது. பின்னாலேயே பன்றி மோதி அவனைத் தள்ளியிருக்கிறது.

"பன்னி குத்திருச்சுய்யா... பன்னி குத்திருச்சு" என்றான் மண்ணில் முகத்தை வைத்தபடி.

தைத்ததைப் பிடுங்கக் கூடாது என்பது முதலுதவிப் பயிற்சியில் நான் பலருக்குச் சொன்ன பாடம். அவன் பன்றி என்று சொன்னதும் நான் அம்பைப் பிடித்து இழுத்தேன். எளிதில் வரவில்லை. நான் செய்த முனை அப்படி. திருப்பி இழுத்தேன். அவன் கத்தினான். பிடுங்கியதை வரப்புக்கு அப்பால் எறிந்துவிட்டு என் துண்டால் காலைக் கட்டினேன்.

மருத்துவமனையில் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பன்றிதானா சார்?"

"நான் பார்த்தேன்" என்றேன்.

தையல் போட்டார்கள். பாதம் மேலே தூக்க வரவில்லை, தொங்கியது. பன்றி இடித்த வேகத்தில் நரம்பு நசுங்கியிருக்கும், சில மாதத்தில் தானாகத் திரும்பும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நசுங்கிய நரம்புக்குப் பொறுக்கலாம். அறுபட்ட நரம்பை உடனே தைக்க வேண்டும். இதை நான் இரண்டாவது மாதம் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம்.

"அவனே பன்னின்னு சொல்றான். நீ இன்னாத்துக்குண்ணே வாயத் தொறக்கறே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "உள்ள போனா ரெண்டு பேரும்தான் போவணும். பையனுக்குப் பொண்ணு பாத்துகினுகீறேன்." செத்த பன்றியை அவரே புதைத்திருந்தார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

காலை இழுத்து நடப்பவனை லைனில் நிறுத்த மாட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருவான். ஊரிலிருந்து அவன் அம்மா போன் செய்வார். "எம் மகனத் தூக்கிட்டுப் போயிக் காப்பாத்துனீகளே சாமி, ஒங்க பிள்ளைக நல்லாருக்கணும்" என்பார். நான் சரிம்மா, சரிம்மா என்பேன்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "கட்ட வெரலு லேசா அசையிற மாதிரி இருக்குய்யா, பாருங்க" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினான். பார்த்தேன். அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் குனிந்து செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நீங்க எதையோ புடுங்குனது எனக்குத் தெரியும்யா. வேலிக் கம்பின்னு நெனச்சேன். காப்பாத்துற மனுசன்ட்டப் போயி அதக் கேப்பாகளா?" என்றான். பிறகு, "இதச் சொன்னா டாக்டர் வேற மாதிரி பாப்பாரா?" என்று கேட்டான்.

மறுநாள் இருவரும் போனோம். டாக்டரிடம் நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் வாரமே தெரிஞ்சிருந்தா திறந்து தைச்சிருப்போம். இப்ப ஆபரேஷன் பண்ணலாம். பாதம் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அதை அவனிடம்தான் சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில். எங்கள் ஊர் பஸ் வந்தது. அவன் ஏற வசதியாகக் கையை நீட்டினேன். ஐந்து மாதமாக அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறுவான்.

"நீங்க போங்கய்யா," என்றான். "நான் அடுத்த பஸ்ல வாரேன்."

ஏறி உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், எதிர்ப்பக்கம் பார்த்தபடி.