நேற்று என்ன கலர்?

வாழ்நாளில் எத்தனையோ மோட்டு வேலை பார்த்திருக்கிறேன். இது ஒன்றுக்குத்தான் இன்னும் வெட்கப்படுகிறேன். எழுபதுகளில், திருகோணமலையில், ஒருவர் தினமும் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டு வந்தார். அந்தக் கேள்வி நின்றுவிடக் கூடாது என்பதற்காக நான் பொய் சொன்னேன்.

அப்போது எனக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை. மனைவி இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் கண்டால் தலையாட்டுவார், அதோடு சரி. அந்த வருடம் கைவிரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் சட்டைப் பொத்தான் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். போட்டுவிட ஓர் ஆள் இல்லை என்பதை ஒவ்வொரு பொத்தானும் எனக்குச் சொல்லிக்காட்டியது.

ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்டெரொய்ட் குளிசை தந்தார். காலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், நினைத்தபடி நிறுத்தக் கூடாது, இரத்தத்தில் சீனி ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு கிழமையில் விரல்கள் மடங்கின. முகமும் உருண்டு பூரித்தது. "உடம்பு தேறிட்டுது, ஆரோ நல்லாச் சமைச்சுப் போடுகினம் போல" என்று களஞ்சியக் கந்தோரில் பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்து வைத்தேன். சமைத்துப் போட்டது நானும் என் மண்ணெண்ணெய் அடுப்பும்தான்.

சீனிச் சோதனையைப் பள்ளிக்கூடச் சோதனை போலவே எடுத்துக்கொண்டேன். முதல்நாள் அரை வயிறு சாப்பிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்பேன். இரண்டு முறையும் அளவு சரியாக இருந்தது. பாஸ் பண்ணிவிட்ட பெருமை எனக்கு. ஆனால் பின்னேரமானால் நாக்கு வறண்டு ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்து முடிப்பேன். ஒதுங்குவதற்கென்று நாலு தரம் கதிரையை விட்டு எழும்புவேன். பழியை வெயில் மேல் போட்டேன். பக்கத்தில் மனைவி இருந்திருந்தால், "ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?" என்று முதல் நாளே கேட்டிருப்பாள்.

கடைசியில் அதைக் கேட்டவர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறவர். கிண்ணியாக்காரர். என் வயதுதான். மூன்றாம் முறை ஊசியைக் குத்தும்போது என் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"பின்னேரத்துல தண்ணி விடாய் எப்படி சேர்?"

"சரியான விடாய். ஏன்?"

"காலமை இந்தக் குளிசையைப் போட்டா, சீனி பகலைக்குப் பொறகுதான் ஏறும். ராவைக்கு இறங்கி, விடியக்குள்ள நல்ல புள்ளை மாதிரி இருக்கும். நீங்க அது நல்ல புள்ளையா இருக்கிற நேரம் பாத்து வாறீங்க. நாளைக்குப் பகல் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு வாங்க."

போனேன். சீனி எகிறிக் கிடந்தது. டாக்டர் சாப்பாட்டில் விட வேண்டியதைச் சொல்லி, குளிசையையும் மெல்ல மெல்லக் குறைக்கத் தொடங்கினார். பின்னேரங்களில் வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்றார். கிண்ணியாக்காரர்தான் செய்து காட்டினார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் எட்டுத் துளி சிறுநீர், பிறகு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் அதைவிடக் கூட, செங்கல் நிறம் மிகவும் கூட.

வேலை விட்டு நாங்கள் இருவரும் ஒரே பஸ் தரிப்பிடத்தில்தான் நிற்போம். கிண்ணியாவுக்குப் படகேறும் துறையடி பஸ்ஸுக்கு அவர், அன்புவழிபுரம் பஸ்ஸுக்கு நான். என்னைக் கண்டதும் கேட்பார்: "நேத்து என்ன கலர் சேர்?"

"செங்கல்" என்பேன். பிறகு பிறகு "மஞ்சள்" என்பேன். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண் எங்களைப் புடைவைக் கடைக்காரர்கள் என்று நினைத்து வொயில் சேலை வந்திருக்கிறதா என்று கேட்டாள். பஸ் வரும்வரை இருவரும் சிரித்தோம். மனைவி போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, காலையில் எழும்பும்போதே அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். கந்தோரில் எல்லாரும் என்னிடம் கேட்பது பதிவேடும் கையொப்பமும். என்னைப் பற்றி நாளுக்கு ஒருவராவது கேட்கிறாரே என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

மாரி மழை தொடங்கியபோது குளிசை அரைக் குளிசையாகக் குறைந்திருந்தது. ஒரு பின்னேரம் குழாய் கொதித்து அடங்கியது. நீலம். அடுத்த நாளும் நீலம். சந்தோஷப்பட வேண்டியவன் குழாயைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தேன். நீலம் என்று சொன்னால், "அல்ஹம்துலில்லாஹ், இனிப் பயமில்லை" என்பார். அதற்குப் பிறகு என்ன கேட்பார்?

"பச்சை" என்றேன்.

அடுத்த கிழமை "மஞ்சள்" என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. எனக்காக ஒரு முகம் சுருங்குவதைப் பார்க்க, வெட்கக்கேடு, மனதுக்கு இதமாக இருந்தது. சில நாட்கள் கழித்து ஒரு பின்னேரம் அவர் கலர் கேட்கவில்லை, செய்தி சொன்னார்.

"டாக்டரிட்டச் சொல்லிட்டன். குளிசையைக் குறைச்சும் சீனி நிக்குதெண்டா இது வேற கதை. நாளைக்குப் பகலைக்குப் பொறகு ரத்தம் பாப்பம். கூட இருந்தா இன்சுலின் ஊசிதான்."

மறுநாள் போகும் வழியில் ஒரு இனிப்புக் கடை வாசலில் நின்றேன். நாலு லட்டுத் தின்றுவிட்டுப் போனால் என்ன என்று யோசித்தேன். என் புத்தி அவ்வளவு தூரம் கெட்டிருந்தது. நல்ல வேளை, தின்னவில்லை.

இரத்தம் கொடுத்துவிட்டு வாங்கில் குந்திக் காத்திருந்தேன். அவர் கடதாசியோடு வெளியே வந்தார்.

"அளவு சரியாத்தான் காட்டுது. நீங்க மஞ்சள் எண்டீங்களே." கொஞ்சம் யோசித்தார். "எங்கட மருந்துதான் பழுதாப் போயிருக்கு. புதுப் போத்தல் உடைச்சுத் திரும்பப் பாக்கிறன். மத்தக் கையை நீட்டுங்க சேர்."

தன் மருந்தைச் சந்தேகித்தார். என் வாய்ச்சொல்லைச் சந்தேகிக்கவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"மருந்து பழுதில்லை. ரெண்டு கிழமையா நீலந்தான். சொன்னால் நீங்கள் கேக்காமல் விட்டிடுவீங்கள் எண்டு..."

ஏச்சு வாங்கக் காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. கடதாசியை இரண்டாக மடித்தார், பிறகு நாலாக மடித்தார்.

"எங்கட வீட்டுல பொஞ்சாதி ஒங்களுக்காண்டி அல்லாட்ட துஆக் கேக்கிறவ சேர். ஒவ்வொரு நாளும் தொழுதுபோட்டு, அந்த மனிசனுக்குச் சீனி எறங்கணும் எண்டு. நான் வாசல்ல காலை வச்சதும் முதல்ல அதைத்தான் கேப்பா. இண்டைக்கு நான் போய் என்னெண்டு சொல்றது?"

கிண்ணியாவில், நான் ஒரு நாளும் பார்த்திராத ஒரு பெண் என் சீனிக்காகக் கையேந்தியிருக்கிறாள். என்னை நினைக்க ஒருவருமில்லை என்று நான் அறைக்குள் முடங்கிக் கிடந்த அதே நாட்களில், அந்த வீட்டில் என்னைப் பற்றிய கதை நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுதேன். யாரும் பார்த்தார்களா என்றுகூடக் கவனிக்கவில்லை.

அன்று பஸ் தரிப்பிடத்தில் அவர் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கண்ட நாட்களில் மரியாதையாகத் தலையசைப்பார், அதோடு சரி. சீனி இறங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருப்பார், அது உண்மையும்தான். சீனி இறங்கியவனுக்காக யாரும் துஆக் கேட்பதில்லை.