துப்பக் கூடாத வெல்லம்

கோணி தைக்கும் ஊசியின் உடைந்த முனை என் இடது பாதத்தில் இரண்டு நாள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது, வலிக்கவே இல்லை. குனிந்து பார்க்கலாம் என்றால் தொப்பை விடாது. படுக்கை விரிப்பில் சீழைப் பார்த்துவிட்டு என் மனைவி ஜமீலாதான் கத்தினாள்.

எண்பத்தைந்தாம் வருடம் வாக்கில் நடந்தது இது. பாப்பாரப்பட்டியில் எனக்கு வெல்ல மண்டி. அதற்குச் சில மாதம் முன்பு விளையாட்டாக மூட்டைத் தராசில் ஏறி நின்றேன். நூற்றிருபத்தெட்டு கிலோ. சுற்றியிருந்த வியாபாரிகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தருமபுரியில் ஒரு டாக்டர் பாதத்தைச் சுத்தம் செய்தார். "பஞ்சால தொடறேன், தெரியுதுங்களா?" என்றார்.

"தொடுங்க, சொல்றேன்" என்றேன். அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போவது) என்றார். சர்க்கரை எனக்கு எத்தனை வருடமாக இருந்ததோ, யார் கண்டது? சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததை நானே பார்த்திருக்கிறேன். வெல்ல மண்டிக்காரன் எறும்பைப் பார்த்துப் பயப்படுவானா?

"இனிப்பு நெறைய சாப்பிடுவீங்களா?"

"அல்லா மேல ஆணை, தொடறதில்லீங்க. டீக்குக்கூட சக்கரை போடமாட்டேன்."

பின்னால் நின்ற ஜமீலா பொறுக்கவில்லை. "ஏங்க, சந்தை நாள்ல அத்தனை வண்டி வெல்லத்தையும் வாயில போடறீங்களே, அதச் சொல்லுங்க!"

"அது யாவாரம்டி. சாப்பாடா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்க ஒடம்புக்கு யாவாரம் தெரியாதுங்களே" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அதைத் தின்பதாக நான் நினைத்ததில்லை. விவசாயி வண்டியை நிறுத்துவார். ஒரு உருண்டையை உடைத்து நீட்டுவார். உப்புக் கரிக்கிறதா, பாகு தீய்ந்திருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வோம். துப்பக் கூடாது. துப்பினால் அவருடைய உழைப்பின் மேலேயே துப்பியது போல. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் விழுங்குவோம். அப்புறம் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்போம், பத்தடி தள்ளி இருக்கும் கடையிலிருந்து டீயும் நம் இடத்துக்கே வரும்.

இளைத்த வியாபாரியை இங்கே யார் மதித்தார்கள்? நான் ஒல்லியாக இருந்தபோது, "என்ன பாய், கடை ஓடலையா?" என்றார்கள். தொப்பை விழுந்ததும் "இப்பத்தான் மொதலாளி களை வந்துருக்குது" என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன். என் மேல்தான் முதல் கோபம்.

கேங்க்ரீன் (சதை அழுகிச் சாவது) பிடித்து இரண்டு விரல்களை எடுத்தார்கள். "சர்க்கரையும் எடையும் எறங்கலைன்னா அடுத்து முழங்காலோட காலே போயிடுமுங்க" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மறுநாள் பார்க்க வந்த வியாபாரிகள் இரண்டு கிலோ பாதுஷா வாங்கி வந்தார்கள். "எளைச்சுட்டீங்களே பாய், நல்லா சாப்பிடுங்க." அட பாவிகளா! ஜமீலா அந்தப் பெட்டியை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) தினமும் போட வேண்டும். கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்து ஜமீலாவே போட்டாள். கேழ்வரகுக் களிக்கும் கீரைக்கும் அளவு வைத்தாள். புண் ஆறிய பிறகு, டாக்டர் சொன்ன செருப்போடு நடந்தேன். எட்டு மாதத்தில் இருபத்திரண்டு கிலோ இறங்கியது. ஊரில் எனக்குப் பெரிய வியாதி, நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். இருபது வருடம் செத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை.

மண்டிக்குத் திரும்பிய முதல் சந்தையில், பல வருடமாக என்னிடமே சரக்குப் போடும் மாதப்பன் உருண்டையை உடைத்து நீட்டினார். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க பண்டத்தத் துப்புறீங்களா? நாங்க என்ன வெசத்தையா காச்சிட்டு வந்தோம்?" வண்டியைத் திருப்பச் சொல்லி மாட்டின் கயிற்றைப் பிடித்தார்.

எனக்கும் வெறி வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்து, பாதத்தை வெல்ல மூட்டை மேல் தூக்கி வைத்தேன். "பாருங்க! இத்தன வருசம் துப்பாம மரியாதை குடுத்ததுக்கு இதுதான் மிச்சம். இன்னும் எத்தன வெரல் வேணும் உங்களுக்கு?"

மாதப்பன் அந்த மூன்று விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் இருந்த மீதித் துண்டைத் தன் வாயில் போட்டு மென்றார்.

"கடைசிப் பாகு லேசா தீஞ்சிருக்குதுங்க பாய்," என்றார். "வெலையக் கொறச்சே போடுங்க."

அன்றிலிருந்து என் மண்டியில் கொண்டுவந்தவரே தின்று பார்த்துச் சொல்கிறார். பக்கத்து மண்டிகளில் இன்னும் விழுங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் முதல் வண்டி வந்தால்தான் எனக்குப் பொழுது விடியும். இப்போது விடிந்ததும் ஜமீலாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தின் அடியைப் பார்க்கிறேன். கீறல் இல்லையென்றால் அன்றைய நாள் எனக்கு உண்டு. அதற்கு மேல் கணக்குப் போடுவதில்லை.

நீங்களும் கல்லாவை விட்டு எழுந்து நின்று, நேராகக் கீழே பாருங்கள். உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், கை தட்டுகிறவர்களை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் டாக்டரிடம் போங்கள்.